இலை எண்ணெயும் சூடச் சத்தியமும்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் நெஞ்சு மட்டும் காலை பத்து மணிக்கு அலுவலகம் போய்க்கொண்டிருந்தது. அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையை ஒட்டிய தெருவில் என் வீடு. பத்து மணிக்குத் தெருவில் இருக்கும் இரு சக்கர வாகனங்கள் எல்லாம் எங்கோ போய்விடும். நான் நாற்காலியில் நாளிதழோடு இருப்பேன். கையெழுத்துப் போட ஒன்றும் இருக்காது. அப்போது நெஞ்சுக்குள் யாரோ கோப்பு கட்டும் நாடாவை இழுத்து முடிச்சுப் போடுவார்கள். உள்ளங்கை வேர்க்கும், விரல்கள் ஆடும், இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும். பதினோரு மணிக்குச் சாகாமல் எழுந்து மோர் குடிப்பேன்.

வருவாய்த் துறையில் இருந்தேன். கடைசிக் காலத்தில் கலால் பிரிவு. சாராயம், கஞ்சா ஆகியவற்றைப் பிடிப்பது, பிடித்ததை எடை போட்டு, மாதிரி எடுத்து, அரக்கு முத்திரை வைத்து, நீதிமன்றத்தில் ஒப்படைப்பது என் வேலை. பிடிப்பதை எவரும் செய்துவிடலாம். முத்திரை தெளிவாக விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். என் முத்திரைகள் தெளிவாக விழும். நடைமுறை என்பது வேலை செய்யாதவர்களின் சாக்கு என்று சொல்வார்கள். அது பழி வாங்கவும் நல்ல கருவி என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன்.

முதலில் இருதய மருத்துவரிடம் போனேன். என்னை ஓடும் பட்டையில் ஓடவிட்டார்கள், படம் எடுத்தார்கள், மார்பில் ஈரமான எதையோ தேய்த்தார்கள். இருதயத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் பதற்றம் என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இதுக்கா இத்தன செலவு பண்ணுனீங்க? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே, உங்களுக்கு இருதயமே இல்லீனு" என்றாள்.

அடுத்து மனநல மருத்துவர். அவர் கொடுத்த மாத்திரை பதற்றத்தைக் குறைத்தது. கூடவே என்னையும் குறைத்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிலும் பிழை கண்டுபிடிக்கத் தோன்றவில்லை. அதுதான் மனைவியைப் பயமுறுத்தியது. பேசாமல் கிடக்கும் கணவன் அவளுக்குப் பழக்கமில்லை.

பதற்றம் எனக்கு மட்டும் தொந்தரவு கொடுத்திருந்தால் மோர் குடித்தே காலம் தள்ளியிருப்பேன். ஆனால் நான் அருமைக்காரன். எங்கள் பக்கத்துத் திருமணங்களில் ஐயர் உட்கார்ந்து மந்திரம் சொல்வதில்லை. அருமைச் சீர் என்ற சடங்கைச் செய்துகொண்ட குடும்பத்துப் பெரியவர் மணவறையில் நின்று ஒவ்வொரு சீராக நடத்திவைப்பார். அவர்தான் அருமைக்காரர். சீர்களின் வரிசை எனக்குச் சட்டப் பிரிவுகளைப் போல மனப்பாடம். அவற்றில் ஒன்று, செஞ்சோறு சுற்றிப் போடுவது. சிவப்பாக்கிய சோற்று உருண்டைகளையும் அடைகளையும் தட்டில் வைத்து, இரண்டு அருமைக்காரர்கள் எதிரெதிரே நின்று, மணமக்களைச் சுற்றிக் கண்ணேறு கழித்து எறிவார்கள். கை ஆடாமல் இருக்க வேண்டும். உருண்டை மணமக்கள் மேல் விழுந்தால் கழித்த கண்ணேறு அவர்கள் மேலேயே விழுந்ததாக அர்த்தம்.

சூரமங்கலத்தில் ஒரு மண்டபத்தில், தூரத்து உறவில் ஒரு திருமணம். எனக்கு எதிரே நின்றவர் என் பெரியப்பா மகன். முகூர்த்தம் பத்து மணியை ஒட்டி இருந்தது. கூட்டம் மொத்தமும் என் விரல்களைப் பார்ப்பது போல இருந்தது. நாடா இறுகியது. தட்டு ஆடியது. ஓர் உருண்டை விளிம்பில் நின்று யோசித்துவிட்டு, உருண்டு போய் மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது.

எதிரே நின்ற அண்ணன் அதைக் குனிந்து எடுத்தார். மங்கல வாழ்த்துப் பாடுகிறவருக்காக வைத்திருந்த மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"பரவால்ல உடுங்க. ஆபீசருக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போச்சு" என்றார்.

மண்டபமே சிரித்தது. மணப்பெண் கூடச் சிரித்தாள். பந்தியில் எனக்கு இலை போட்ட பையன் வரைக்கும் அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்திருந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டில் இருக்கிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வைத்திருக்கிறார். அவருடைய ரிக் வடக்கே போய், பெயர் தெரியாத ஊர்களில் எல்லாம் ஓட்டை போட்டுவிட்டுத் திரும்பும். பூமியில் ஓட்டை போடுவது தொழில், மனிதர்களில் ஓட்டை போடுவது பொழுதுபோக்கு. என்னைவிடச் சற்று மூத்தவர். பள்ளியில் நான் முன்னே போய்விட்டேன், அவர் பின்னே நின்றுவிட்டார். அதை நான் மறந்து வெகுகாலம் ஆகிறது. அவர் மறக்கவில்லை. என்னைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார். "ஆபீசர் தம்பி" என்பார். 'ஆபீசர்' என்ற சொல்லை அவர் சொல்லும்போது அது ஒரு தோல் வியாதியின் பெயர் போல இருக்கும்.

சூரமங்கலத்துக்குப் பிறகு சில மாதங்களில் என் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தம்பி இல்லை. அவன் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதன் பிறகு பள்ளிக் கூட்டத்துக்குப் போனது, கல்லூரியில் சேர்த்தது, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது எல்லாம் நான். நிச்சயத்தன்று அவள் வந்து சொன்னாள்.

"பெரியப்பா, மணவறைல நீங்கதான் நிக்கோணும். கை ஆடுனாலும் பரவால்லைங்க. எம்மேல உழுந்தா நான் எடுத்துத் தின்னுக்கறேன்."

அவள் அப்படிச் சொன்னதுதான் பொறுக்க முடியவில்லை. கையைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் சாலையிலேயே ஓர் ஆயுர்வேத மருத்துவமனை இருக்கிறது. அங்கே இருந்தது இளம் வயதுப் பெண் மருத்துவர். நாடி பார்த்தார், பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் படித்தார், பிறகு ஓர் எண்ணெய் இருக்கிறது என்று ஆரம்பித்துத் தயங்கினார். என் முந்தைய வேலையைச் சொல்லியிருந்தேன். தயக்கத்துக்கு அதுதான் காரணம்.

"விஜயா இலைச் சாறுங்க ஐயா. அதுல சிபிடின்னு ஒரு பொருள் இருக்குது. பதற்றத்துக்குக் கொஞ்சம் ஒதவும்."

விஜயா என்றால் எது என்று எனக்குத் தெரியும். அந்தச் செடியை மூட்டை மூட்டையாக எரித்திருக்கிறேன். புகைக்கு எதிர்த் திசையில் நின்று.

அரை மணி நேரம் அந்தப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்தேன். தயாரிப்பு உரிமம் யார் கொடுத்தது, செடியின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, போதை தரும் பொருள் எவ்வளவு, சீட்டில்லாமல் விற்பார்களா. அவர் கோபப்படவில்லை. பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். சட்டத்தில் கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூவும் காயும் உள்ள நுனி. பூ கலக்காத தனி இலை அந்த வரையறைக்குள் வராது. இதை நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் என்னிடம் கேட்டுக் கேட்டு மடக்கியிருக்கிறார்கள். என்னைத் தோற்கடித்த அதே வரி இப்போது எனக்கு மருந்தாக வந்து நின்றது.

"இது எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேங்க. ஆராய்ச்சி இன்னும் நடந்துட்டுதான் இருக்குது. ரத்தக் கொதிப்பு மாத்திரை குடுக்கற டாக்டர்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கோணும். கொஞ்சமா ஆரம்பிக்கலாம். தூக்கம் வந்தா, வயிறு கலங்குனா எங்கிட்ட வாங்க. அதோட, பதறும்போது மூச்சை மெதுவா உடப் பழகுங்க. எண்ணெயவிட அது முக்கியம்" என்றார்.

சொன்னபடி கொதிப்பு மருத்துவரிடம் கேட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார், சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மனநல மருத்துவர் சொன்ன முறைப்படி பழைய மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினேன். பிறகு எண்ணெய் வாங்கினேன். மருந்துச் சீட்டு, ரசீது, பெட்டி மூன்றையும் ஓர் உறையில் போட்டு வைத்தேன். பழக்கம்.

நாக்குக்கு அடியில் விட்டுச் சற்று நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பச்சைப் புல்லை நல்லெண்ணெயில் ஊறவைத்தது போல ஒரு சுவை. அந்தச் சில நிமிடம் வீட்டில் அமைதி நிலவுவதை மனைவி பெரிதும் ரசித்தாள். "இதுக்காகவே தெனமும் குடிக்கலாமுங்க" என்றாள்.

உதவியதா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டும். போதை எதுவும் இல்லை. பறக்கவில்லை, சிரிக்கவில்லை, சாமி தெரியவில்லை. முதல் வாரங்களில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு நாள் பத்து மணி வந்ததும் நாடா இழுக்கப்பட்டது, ஆனால் முடிச்சு விழவில்லை. மூச்சை மெதுவாக விட்டேன். நாடா தளர்ந்தது. அன்று நாளிதழில் மூன்று எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்தேன். அது எண்ணெயா, மூச்சா, வைத்தியம் பார்க்கிறோம் என்ற நினைப்பா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆய்வுக்கூடம் இல்லை. தண்ணீர் நிறைந்த தட்டை இரண்டு கையிலும் ஏந்திக் கூடத்தைச் சுற்றி வந்தேன். தரையில் ஒரு துளி விழவில்லை. மனைவி பின்னாலேயே துணியோடு வந்தாள்.

அண்ணன் திருமண ஏற்பாடு பேச வந்தது அப்போதுதான். நான் மாடியில் இருந்தேன். குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வைக்கச் சொன்னதால் குப்பியைப் பெட்டியோடு சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். பெட்டியின் மேல் அந்த இலையின் படம் பெரிதாக இருக்கும். அந்த வடிவமைப்பாளரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அண்ணன் திருநீறு எடுக்கப் போனவர், கைபேசியில் அந்தப் பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். காப்பி குடித்தார். என் மனைவி செய்த முறுக்கைப் புகழ்ந்தார். "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கார் திருச்செங்கோடு சேரும் முன்பே படம் பங்காளிகளின் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. கீழே அவர் குரல். செய்தியைக் கைபேசியில் பேசித்தான் அனுப்புவார், எழுத்து அவருக்கு ஆகாது. "ஆபீசர் தம்பி ஊட்டுல சாமி ரூம்புல இருக்குது பாருங்க சாமி. ஊருல கஞ்சா புடிச்சதெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத்தான தெரியுது. இதனாலதான் கை ஆடுது. இந்தக் கையில நம்ம புள்ளைக்குச் சீர் செய்யறதா?"

கை ஆடியதால் எண்ணெய். எண்ணெயால் கை ஆடியது என்று அவர் புரட்டிவிட்டார். அதைவிட மோசம், பிடித்த பொருளை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்றது. அதைத்தான் மீண்டும் மீண்டும் கேட்டேன். என் முத்திரைகள் தெளிவாக விழும் என்று மேலே சொன்னேன். என் வாழ்நாளில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் தம்பி மனைவி அழைத்தாள். அழுகிற குரல். "மாமா, நான் ஒண்ணும் நம்பலீங்க. ஆனா மாப்பிள்ள ஊட்டுல கேக்கறாங்க. நம்ம பக்கமே பேச்சாக் கெடக்குதுங்க. பேச்சை முடிச்சு உட்டாத்தான் நீங்க மணவறை ஏற முடியும்போலங்க."

அன்றைக்குப் பத்து மணிக்கு எண்ணெய், மூச்சு எதுவும் வேலை செய்யவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு மோர் தேவைப்படவில்லை. அதற்குள் மனத்தில் மனுக்கள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு ரிக் லாரியை நிறுத்த எத்தனை வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கிணறு தோண்டப் பதிவு வேண்டும், நிலத்தடி நீர் அனுமதி வேண்டும், வண்டிக்கு உரிமம், தகுதிச் சான்று, டீசல் தொட்டி, இரைச்சல், தொழிலாளர் காப்பீடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒவ்வோர் அலுவலகத்திலும் என்னிடம் வேலை பழகிய ஒருவன். மனுவைக் கொடுத்தால் மட்டும் போதாது, எந்தக் கிழமை கொடுத்தால் எந்த மேசையில் தங்கும் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணனுடைய ரிக்குகள் வரிசையாக நின்று துருப்பிடிப்பதைக் கண்ணை மூடிப் பார்த்தேன். மிகுந்த நிம்மதியாக இருந்தது. மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை.

மனைவி காப்பியோடு வந்தாள். "மூஞ்சி தெளிவா இருக்குதே. யார் மேல பெட்டிசன்?"

சொன்னேன்.

"போடுங்க. ஆனா புள்ள கல்யாணம் முடிஞ்சப்பறம் போடுங்க. இப்பப் போட்டா, கஞ்சாவும் உண்மைதான், அதான் பாயறாருன்னு பேசுவாங்க. உங்களுக்கு ஜெயிக்கறது வேணுமா, அவரை அழ வெக்கறது வேணுமா?"

"ரெண்டும்."

"அப்பறம் நல்லா யோசனை பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் தானாக வந்து மாட்டினார். முகூர்த்தக்கால் நடும் முன்பு எங்கள் காட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவது வழக்கம். சங்ககிரிப் பக்கம், வயலுக்கு நடுவே, கூரையில்லாமல் வெயிலில் உட்கார்ந்திருக்கும் முனியப்பன். அது பற்றிப் பேசப் பங்காளிகள் ஊரில் கூடினோம். அங்கே அண்ணன் எழுந்தார்.

"ஆபீசர் தம்பி சட்டம் பேசுவாரு. சீட்டுக் காட்டுவாரு. அதெல்லாம் நமக்கு வேண்டாம். முனியப்பன் முன்னால சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். நம்பறேன்."

எரிகிற சூடத்தைச் சத்தியம் சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைப்பது எங்கள் பக்கத்துத் தீர்ப்பு முறை. பொய் சொல்லி அடித்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. மேல்முறையீடு கிடையாது.

"பண்றேனுங்ணா. என்ன வாசகம்?" என்றேன்.

"கஞ்சாவைத் தொட்டதில்லீனு."

"கஞ்சான்னா சட்டப்படி பூ மட்டும்தானுங்க. நான் குடிக்கறது எலை."

அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, நான் சொன்னனா இல்லியா? இவரு பூவு எலைன்னு சந்துல பூந்து ஓடுவாரு. கேட்டுக்க தம்பி. எலை, பூவு, வெதை, எண்ணெ, பொடி, அந்தச் செடில வந்த எதையுமே என்ற கையால தொட்டதில்லீனு அடிக்கோணும். சந்தே இருக்கப்படாது."

"இன்னொருக்காச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

இன்னும் சத்தமாகச் சொன்னார். பொடிக்குப் பிறகு தண்டையும் சேர்த்துக்கொண்டார்.

"வாசகத்துல நான் எதாச்சும் சேத்துனனா?"

"நீ எதுக்குச் சேத்தற? எல்லாமே என்ற வார்த்தைதான்" என்றார் பெருமையாக.

அவ்வளவு போதும் எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூசாரியிடம், முறையெல்லாம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எங்கள் வகையறாவில் யாரும் சூடம் அடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. பூசாரிக்கு நினைவிருந்தது. குற்றம் சொன்னவர் முதலில் அதே வாசகத்தைச் சொல்லி அடிக்க வேண்டும். தான் சுத்தம் என்று காட்டிய பிறகே அடுத்தவரை நிறுத்தலாம். கலால் பிரிவில் சோதனைக்குப் போகிற அதிகாரி, தன் பையில் எதுவும் இல்லை என்று சாட்சிகளுக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவன் வீட்டுக்குள் காலை வைப்பான். முனியப்பனுக்கு அந்த விதி முன்பே தெரிந்திருந்தது.

"அதுக்கென்ன, நான் அடிக்கறேன்" என்றார் அண்ணன். அவர் பீடி கூடக் குடிக்காதவர். ரிக் ஆட்கள் குடித்துவிட்டு வந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

ஆனால் ஒன்று இருக்கிறது. எங்கள் முனியப்பன் படையலில் சோறு, கிடாக்கறி, சாராயம், சுருட்டு இவற்றோடு ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கும். அது இல்லாமல் முனியப்பன் படையலை ஏற்க மாட்டார் என்று எங்கள் முன்னோர் காலத்திலிருந்து நம்பிக்கை. அதை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். சாமிக்கு வைப்பது, அவ்வளவுதான். அண்ணனுடைய ரிக் வடக்கேயிருந்து திரும்பும்போது அதுவும் வரும். ஆண்டுதோறும் அதைப் பிரித்து இலையில் கொட்டுகிற உரிமை அண்ணனுக்கு. மூத்த பங்காளி என்ற முறையில் அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் கலாலில் இருந்த காலத்தில் படையல் நேரத்துக்குச் சரியாகக் காலைக்கடனுக்குப் போய்விடுவேன். சாமிக்கு வைத்தது சாமியுடையது, அதற்கும் கஞ்சாவுக்கும் சம்பந்தமில்லை என்பதில் எங்கள் வகையறாவில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அண்ணனுக்கும் இல்லை. அதனால்தான் அந்த வாசகம் அவர் வாயிலிருந்து அவ்வளவு சரளமாக வந்தது.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவரு அடிச்சுட்டா?"

அதுதான் என் ஆபத்து. அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டால், அடுத்தது என் முறை. அந்த வாசகத்தை என்னால் சொல்ல முடியாது. நான் தினமும் தொடுகிறேன். தம்பி மகளின் மணவறை என் கையை விட்டுப் போய்விடும். அவருடைய சாமி பயத்தின் மேல் மொத்தத்தையும் பந்தயம் வைத்தேன்.

முனியப்பனுக்குப் பொங்கல் வைத்த அன்று காலையில் எண்ணெயை அளவோடு எடுத்துக்கொண்டேன். காட்டில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மேச்சேரிக் கிடா வேப்ப மரத்தில் கட்டியிருந்தது. பிறகு அது குழம்புக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் இரண்டு பெரியவர்கள் வந்திருந்தார்கள். அண்ணன்தான் அழைத்திருந்தார், என் தோல்விக்குச் சாட்சி வேண்டுமென்று. இந்த உதவிக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சத்தியம் முதலில், படையல் பிறகு என்று பூசாரி சொன்னார்.

"படையல் போட்டுட்டு அடிக்கலாம். சாமி பசியோட தீர்ப்புச் சொல்ல வேண்டாமே" என்றேன்.

நல்ல யோசனை என்று அண்ணனே ஆமோதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாழையிலைகளை விரித்தார். கறியை வைத்தார், சுருட்டை வைத்தார், இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, விரல்களால் பதமாக உதிர்த்து இலை ஓரத்தில் வைத்தார். காய்ந்த பூக்கள். தூரத்திலிருந்தே என்னால் தரம் சொல்ல முடியும். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இந்த முறை நான் காலைக்கடனுக்குப் போகவில்லை.

பூசாரி கல்லின் மேல் வெற்றிலை வைத்து, அதன் மேல் சூடத்தைக் கொளுத்தினார். "குத்தஞ் சொன்னவரு மொதல்ல வாங்க" என்றார்.

அண்ணன் வந்து நின்றார். வலது கையைத் தூக்கினார். "முனியப்பா, உன் சாட்சியா" என்று கணீரென்று ஆரம்பித்தார். "எலை, பூவு" என்றார். அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் கண் சூடத்திலிருந்து வாழையிலைக்குப் போனது. பிறகு தன் விரல்களுக்கு வந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக அதே வழியில் கண்ணை ஓட்டினார்கள். சூடம், இலை, விரல். அவர் மனைவிக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. "ஏனுங்க, அடிங்க. கறி ஆறுது" என்றாள்.

"இது" என்றார் அண்ணன். "இது சாமிக்கு வெச்சது. கணக்குல வராது."

"வாசகம் உங்களதுங்ணா. பூவுன்னும் நீங்கதான் சேத்துனீங்க. சந்து இருக்கப்படாதுன்னு சொன்னீங்க" என்றேன்.

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. சூடம் கரைந்து, நீல நுனி ஆடி, தானாக அணைந்தது. வெற்றிலை கருகிய வாசனை வந்தது.

பூசாரி என்னைப் பார்த்தார். "வேற சூடம் வெக்கட்டுங்களா?"

"வெய்யுங்க."

அதுவும் எரிந்தது. அண்ணன் நெற்றியிலிருந்து வேர்வை புருவத்தில் இறங்கியது. எனக்கு மிகவும் பழகிய வேர்வை. உள்ளங்கை இப்போது எப்படி இருக்கும், நெஞ்சில் நாடா எந்த இடத்தில் இறுகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இரக்கம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை. இரண்டாவது சூடமும் அணைந்தது.

"இன்னொண்ணு வெய்யுங்க" என்றேன்.

"போதும் உடு தம்பி" என்றார் அண்ணன். 'ஆபீசர்' காணாமல் போயிருந்தது.

மூன்றாவது சூடத்தைப் பூசாரி கொளுத்தவில்லை. நான் முன்னால் போய் நின்றேன். "நான் அந்த எண்ணெயைக் குடிக்கறேன். எனக்குப் பதறுது, அதுக்காக. டாக்டர் எழுதிக் குடுத்தது. வேலைல இருந்தப்ப புடிச்ச பொருள்ல ஒரு எலை கூட என்ற ஊட்டுக்கு வந்ததில்லை. இந்த வாசகத்துக்கு இப்பவே சூடம் அடிக்கறேன்" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேண்டாமுங்க சம்பந்தி. சூடம் தீந்து போயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சூரமங்கலத்தில் கேட்ட அதே சிரிப்பு, இப்போது வேறு பக்கம் போனது. என் சின்னம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து, "சாமி, எனக்கும் நெஞ்சு படபடங்குது. அது கசக்குமா?" என்று கேட்டாள். முதலில் மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

மணவறை எனக்கு உறுதியானது. எதிரே நிற்க வேறு ஓர் அருமைக்காரரை வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி மனைவி சொன்னாள். "அந்த மாமா மூஞ்சியப் பாக்கவே புடிக்கலீங்க."

"அவர்தான் நிக்கோணும். மூத்த பங்காளி. முறைன்னு ஒண்ணு இருக்குது" என்றேன். நானே நேரில் திருச்செங்கோடு போய், தட்டு வைத்து, எல்லோர் முன்னாலும் அழைத்தேன். மறுக்க வழியில்லாதபடி அழைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். பெருந்தன்மை என்று ஊரே பேசியது. என் மனைவி மட்டும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில், "உங்களுக்கு எதுக்குங்க எண்ணெ?" என்றாள்.

திருமணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முனியப்பன் காட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, அண்ணனின் விரல்களைப் பார்த்தார்கள். செஞ்சோறு சுற்றும் நேரம் வந்தது. நான் ஒரு பக்கம், அவர் எதிர்ப் பக்கம், நடுவில் என் தம்பி மகள். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். என் தட்டு கல்லில் வைத்தது போல இருந்தது.

அண்ணனின் தட்டு முதல் சுற்றில் மெல்ல அதிர்ந்தது. இரண்டாவது சுற்றில் உருண்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தேன். மூன்றாவது சுற்றில் ஓர் உருண்டை விளிம்புக்கு வந்தது. அது விழும் முன்பே நான் இடது கையை நீட்டிப் பிடித்து, அவர் தட்டில் திரும்ப வைத்தேன். அந்தப் பெண்ணின் மேல் எதுவும் விழ நான் விடுவதாக இல்லை.

பிறகு அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். மருத்துவர் என்னிடம் சொன்ன அதே அன்பான குரலில் சொன்னேன்.

"பதறாதீங்ணா. மூச்சை மெதுவா உடுங்க. அஸ்தம்பட்டில நல்ல டாக்டரு இருக்காங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

மங்கல வாழ்த்துக்கான மைக் எங்கே இருக்கிறது என்று மணவறை ஏறும்போதே பார்த்து வைத்திருந்தேன்.